ஆட்டுக்குப் புகழ், ராட்டைக்கு ஒரு ரூபாய்

1846 மார்ச் 16 அன்று கையெழுத்தான அமிர்தசரஸ் உடன்படிக்கையில், 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் காஷ்மீரை ஆங்கிலேயர்கள் ஜம்முவின் குலாப் சிங்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். விற்ற கையோடு ஆண்டுக் கப்பத்தையும் எழுதிக்கொண்டார்கள்: ஒரு குதிரை, சால்வைக் கம்பளி தரும் ஆடுகள் பன்னிரண்டு, காஷ்மீர் சால்வை மூன்று ஜோடி. ஆடுகளில் ஆறு கிடா, ஆறு பெட்டை என்று கணக்குப் பார்த்துக் கேட்டதிலேயே எண்ணம் தெரிந்துவிடுகிறது. ஆடு பெருகினால் சால்வையும் பின்னாலேயே வந்துவிடும் என்ற நம்பிக்கை அது. இன்றைக்கும் கடையில் சால்வையை விரிக்கிறவர் முதலில் சொல்வது ஆட்டின் கதையைத்தான்: பனிப் பாலைவனம், மைனஸ் முப்பது டிகிரி, தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய இழை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பஷ்மினா சால்வையை உலகத்தின் மற்றக் கம்பளித் துணிகளிலிருந்து பிரித்து நிறுத்துவது ஆடு இல்லை, தறி இல்லை, ஓரத்துப் பூவேலையும் இல்லை. ஸ்ரீநகர் வீடுகளின் ஜன்னலோரத்தில் ராட்டை முன் உட்கார்ந்து பெண்கள் இழுக்கும் நூல்தான் அது. அந்தத் தொழிலில் ஆகக் குறைந்த கூலியும் அவர்களுக்கே. சால்வைத் தொழில் நலிகிறது என்று வருந்துகிறவர்கள் மலையையும் தறியையும் பார்க்கிறார்கள்; ஓட்டை விழுந்திருப்பது நடுவில்.

ஆட்டுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். லடாக்கின் கிழக்கே திபெத்தை ஒட்டிக் கிடக்கும் சாங்தாங் பீடபூமி, கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மரம் கிடையாது, பயிர் அபூர்வம். கோர்சோக், கர்னாக், ஹான்லே பக்கங்களில் சாங்பா இடையர்கள் யாக் மயிரில் நெய்த கூடாரங்களோடு, புல் இருக்கும் திசை பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வளர்க்கும் சாங்ரா ஆட்டுக்கு மேலே முரட்டு மயிர். அதற்கடியில் குளிரைத் தாங்கவென்றே வளரும் பஞ்சு போன்ற அடிமயிர். அதுதான் பஷ்ம். வெயில் ஏறும் மாதங்களில் அது தானாகக் கழலத் தொடங்கும்போது ஆட்டைக் கால் கட்டிப் படுக்க வைத்துச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். செம்மறியைப் போலக் கத்தரிப்பதில்லை. ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குக் கால் கிலோ அளவுக்குக் கிடைக்கும். முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கினால் அதிலும் பாதி போய்விடும். மிஞ்சும் இழையின் குறுக்களவு 12 முதல் 15 மைக்ரான். அமெரிக்கச் சட்டம் சராசரியாக 19 மைக்ரான் வரை உள்ள இழையைக் காஷ்மீர் கம்பளி என்று விற்க அனுமதிக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் சாங்ராவின் தரம் புரியும்.

ஆனாலும் சால்வையின் ரகசியம் இழையில்தான் இருக்கிறது என்றால், அந்த இழைக்காக நடந்த முயற்சிகள் எல்லாம் ஏன் தோற்றன? 1684-ல் லடாக்குக்கும் திபெத்துக்கும் இடையே ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியாகக் காஷ்மீருக்கு மட்டுமே போக வேண்டும் என்று ஒரு ஏகபோகத்தை உண்டாக்கியது. அதைக் கைப்பற்றும் ஆசையும் சேர்ந்துதான் குலாப் சிங்கின் தளபதி ஜோராவர் சிங்கை 1841-ல் திபெத்துக்குள் இழுத்துப் போனது; அந்த ஆண்டு டிசம்பர் குளிரில் அவர் அங்கேயே செத்தார். பிரான்ஸில் டெர்னோ என்ற ஆலை முதலாளி 1819-ல் ரஷ்யா வழியாக ஆட்டு மந்தையையே வரவழைத்தார். வழியிலேயே பெரும்பகுதி மாண்டது. பிழைத்தவையும் பிரெஞ்சு சால்வைத் தொழிலுக்கு அடித்தளம் ஆகவில்லை. இன்றோ இழைக்குப் பஞ்சமே இல்லை. உலகக் காஷ்மீர் கம்பளியில் பெரும்பங்கு சீனாவிலும் மங்கோலியாவிலும் விளைகிறது. லடாக்கின் ஆண்டு விளைச்சல் சுமார் 50 டன். உலக அளவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கே வெளிநாட்டு இழை வந்து இறங்குகிறது. இழை தங்களிடமே குவிந்து கிடந்தும், சீனாவோ மங்கோலியாவோ ஸ்ரீநகர் சால்வையைச் செய்துவிடவில்லை. அவர்கள் செய்வது பெரும்பாலும் பின்னலாடை. ஆனாலும் ஆட்டின் மீதான மயக்கம் தீர்ந்தபாடில்லை. 2012 மார்ச் 9 அன்று ஸ்ரீநகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ‘நூரி’ என்ற பஷ்மினா ஆடு குளோனிங் முறையில் பிறந்தது. அறிவியல் சாதனைதான், சந்தேகமில்லை. ராட்டைக்காரரைப் பற்றி அப்படியொரு தலைப்புச் செய்தி வந்ததாக நினைவில்லை.

இழை மோகத்தின் எல்லை எது என்பதை ஷாதூஷ் காட்டிவிட்டது. திபெத்திய மானான சிருவின் அடிமயிர்தான் ஷாதூஷ். அது பஷ்மையும் விட மெல்லியது. ஏறத்தாழ 9 முதல் 12 மைக்ரான். ஆட்டை வாருவது போலச் சிருவை வார முடியாது. கொன்றுதான் எடுக்க வேண்டும். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள். 1979-லேயே பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டும், தானாக உதிர்ந்து புதரில் சிக்கிய மயிரைப் பொறுக்குகிறார்கள் என்ற கதையைச் சொல்லியே வெகுகாலம் விற்றார்கள். அந்தக் கதையை உடைத்ததில் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலரின் திபெத் ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கும் வித்தை ஷாதூஷ் காலத்து மிச்சம். மெல்லிய பட்டும் விஸ்கோஸும்கூட மோதிரத்துக்குள் போகும் என்பதால், அதைச் செய்துகாட்டும் கடைக்காரர் எதையும் நிரூபிப்பதில்லை.

இழை இல்லையென்றால் வேலைப்பாடா? இங்கேயும் வரலாறு தெளிவான பதிலை வைத்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் ஊன்றிய தொழிலை முகலாயர்கள் அரண்மனைக்குள் கொண்டுபோனார்கள். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு அது பாரிஸுக்குப் போனது. பேரரசி ஜோசஃபின் போர்த்திய பிறகு ஐரோப்பிய மேல்தட்டுக்கு அது கட்டாயமாயிற்று. அந்தச் சால்வைகளின் பெருமை ‘கானி’ நெசவில் இருந்தது. நாடாவை ஒரே வீச்சில் ஓட்டாமல், வண்ணத்துக்கு ஒன்றாக நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளைக் கொண்டு பாவுக்குள் இழை இழையாகக் கோத்துப் பூவை எழுப்பும் நெசவு அது. எத்தனை பாவு விட்டு எந்த வண்ணம் என்பதை ‘தாலிம்’ என்ற குறியீட்டு எழுத்தில் எழுதி வைப்பார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, தறியில் இருப்பவர்கள் குச்சியை மாற்றுவார்கள். வேலை மிகுந்த சால்வை ஒன்று தறியிலேயே ஒன்றரை ஆண்டு இருக்கும் என்று 1820-களில் அங்கே போன வில்லியம் மூர்கிராஃப்ட் எழுதி வைத்தார். இவ்வளவு கடினமான வேலைப்பாட்டைத்தான் ஜக்கார்டு தறி சுலபமாக நகல் எடுத்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி, இங்கிலாந்தின் நார்விச், பிரான்ஸின் லியோன் மூன்றும் சேர்ந்து காஷ்மீர் சால்வையின் மாங்காய் வடிவத்தை நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தன. எல்லோரும் போர்த்தியதும் சீமாட்டிகள் கழற்றிவிட்டார்கள். 1870-71 பிரெஞ்சு - பிரஷ்யப் போரில் பாரிஸ் சந்தை விழுந்தது; அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே காஷ்மீரைப் பஞ்சமும் வாட்டியது. இன்று அமிர்தசரஸ் விசைத்தறிகள் போலிக் கானியை மீட்டர் கணக்கில் தள்ளுகின்றன. ஆக, வடிவம் களவு போகக்கூடியது. ஒரு முறை போய், திரும்பவும் போய்க்கொண்டிருக்கிறது.

களவு போகாதது நூல். லடாக்கின் லேயிலிருந்து வரும் பஷ்மில் முரட்டு மயிரைப் பொறுக்கி நீக்கிய பிறகு, அதை அரிசி மாவோடு சேர்த்துப் பிசைந்து வைக்கிறார்கள். மாவு எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொள்ளும்; இழைக்கு மென்மையும் வரும். மூர்கிராஃப்ட் பார்த்ததும் இதே முறைதான். இருநூறு ஆண்டுகளில் மாறவில்லை. பிறகு மாவை உதறி, சீப்பில் வாரி, கைக்கு அடக்கமான பஞ்சுத் துண்டுகளாக்கி ராட்டைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். காஷ்மீரியில் அந்த ராட்டை ‘யெந்தர்’. வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை விரல்களுக்கிடையே பஞ்சு நழுவி நூலாக நீள்கிறது. இழை குட்டை, வழுக்கல் வேறு. நூல் எவ்வளவு மெல்லிதோ அவ்வளவு குறைவான இழைகளே அதற்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். எங்கே மெலிகிறது, எங்கே இன்னும் ஒரு முறுக்கு வேண்டும் என்பது விரல் நுனிக்குத் தெரிந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும்போது நூல் அறுந்திருக்கும். ஒற்றை நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கினால்தான் தறிக்குத் தாங்கும். அப்படியும் பாவுக்குக் கஞ்சி போடாமல் ஏற்ற முடியாது. மேலே போர்த்தினால் கனமே தெரியாமல், சிறிது நேரத்தில் கதகதப்பு பரவுகிறது என்று சால்வையைப் புகழ்கிறார்களே, அந்தக் குணம் இந்த நூலின் ஒழுங்கின்மையில் இருக்கிறது. தளர்ந்த முறுக்குக்குள் காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. கையால் நூற்றதன் மேடு பள்ளம் குறையல்ல, வெப்பத்தின் காரணமே அதுதான்.

இயந்திரத்தால் இதை ஏன் செய்ய முடியாது என்ற கேள்விக்குப் பதில் உணர்ச்சி சார்ந்ததல்ல, பொறியியல் சார்ந்தது. பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசப் டாஸன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முரட்டு மயிரைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய காஷ்மீர் ஸ்வெட்டர் தொழில் அதன் மேல் எழுந்தது. லேயிலும் அப்படியொரு ஆலை ஓடுகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, மயிர் பொறுக்கும் வேலையில் கலை எதுவும் இல்லை. ஸ்வெட்டருக்கான பருமனான நூலையும் ஆலை நன்றாகவே நூற்கும். சிக்கல் சால்வைக்கான மெல்லிய நூலில் வருகிறது. ஆலைக் கதிரின் இழுப்பை அது தாங்காது, அறுந்து அறுந்து போகும். அதனால் ஆலைக்காரர்கள் பஷ்மோடு நைலான் கலந்து நூற்று, விசைத்தறியில் நெய்த பிறகு, அமிலத்தில் தோய்த்து நைலானைக் கரைத்து எடுக்கிறார்கள். முடிவில் கையில் இருப்பது சுத்தமான பஷ்ம்தான். சோதனைச் சாலையில் நூறு சதவீதம் என்றே காட்டலாம். ஆனால் அமிலத்தில் குளித்த இழைக்குப் பழைய வலு இருக்காது. இரண்டு தலைமுறைக்குப் போர்த்தி, கிழிந்தால் ரஃபூகரிடம் கொடுத்து இழை பிசகாமல் தைத்து வாங்கி, பேத்திக்குக் கொடுக்கிற துணியாக அது இருக்கப்போவதில்லை.

இவ்வளவும் தாங்கி நிற்கும் வேலைக்குக் கூலி எப்படி? கையளவு நீளமுள்ள பத்து நூல்கள் சேர்ந்தால் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்ற வீதம் ஸ்ரீநகரில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. வீட்டு வேலைகளுக்கு நடுவே நாளெல்லாம் ராட்டையில் உட்கார்ந்தாலும், கட்டட வேலைக்குப் போகிறவரின் நாள் கூலியில் பாதி வருவதே பெரிது. இது புதிய அநீதியும் இல்லை. சால்வைத் தொழிலின் துயர வரலாறு என்று எழுதப்பட்டதெல்லாம் நெசவாளியின் வரலாறு. ஆப்கானியர் ஆட்சியில் தொடங்கிய ‘தாக்’ என்ற முத்திரை வரி, சீக்கியர், டோக்ரா மன்னர்கள் காலம் வரை தறியை நசுக்கியது. நெசவாளி பள்ளத்தாக்கை விட்டு ஓடாமலிருக்கக் கணவாய்களில் காவல் போட்டார்கள். 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஜால்தாகரில் ஊர்வலம் போன நெசவாளர்கள் மீது படை பாய்ந்தது. கால்வாயில் விழுந்து 28 பேர் செத்ததாகப் பதிவு. ராபர்ட் தார்ப் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் கொடுமைகளை அம்பலப்படுத்தி எழுதி, 1868-ல் ஸ்ரீநகரிலேயே இறந்தார். அந்தப் பக்கங்களில் நூற்ற பெண்கள் ஓரமாக வந்து போகிறார்கள், அவ்வளவுதான். தறிக்கு ஒரு கூடம் இருந்தது. ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள், சேர்ந்து ஊர்வலம் போக முடிந்தது. ராட்டை தனித்தனி வீட்டுக்குள் இருந்தது.

இன்றைய சட்டங்களும் அதே கோணலோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. சில துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சால்வை உண்டு. நம் காஞ்சிபுரத்துக்கும் ஈரோட்டுக்கும் தெரிந்த அதே சட்டம். அது விசைத்தறியைத் தடுக்கிறது. ஆலை நூலைத் தடுப்பதில்லை. எனவே கைராட்டை நூல் கிடைக்காத நெசவாளி ஆலை நூலை வாங்கிக் கைத்தறியில் ஓட்டலாம், சட்டம் கேட்காது. இந்த ஓட்டையை அடைத்தது சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம். 2008-ல் அங்கே பதிவான ‘காஷ்மீர் பஷ்மினா’வுக்கு நிபந்தனைகள் கறார்: இழை 16 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், கலப்பு கூடாது, கையால் நூற்றிருக்க வேண்டும், கையால் நெய்திருக்க வேண்டும். ஸ்ரீநகர் கைவினை வளர்ச்சி நிறுவனத்தில் உள்ள மையத்தில் நுண்ணோக்கியின் கீழ் சோதித்து, ரகசிய அடையாளங்கள் கொண்ட முத்திரையைச் சால்வையிலேயே பொருத்தித் தருகிறார்கள். கை நூற்பு என்ற சொல்லை முதல்முறையாகத் தரத்தின் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது இந்தப் பதிவுதான். மாமல்லபுரத்திலும் கொடைக்கானலிலும் காஷ்மீர்க் கடைகளில் ‘அசல்’ என்று விரிக்கப்படுவதில் இந்த முத்திரை உள்ளதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது இது: ராட்டை வேலை முதுகை ஒடிப்பது, கண்ணைக் கெடுப்பது. அதிலிருந்து பெண்கள் வெளியேறினால் அது விடுதலைதானே? நூற்பை அழியாமல் காக்கச் சொல்வது, சீமான்களின் தோளுக்காக அவர்களை மூலையில் கட்டிப்போடுவது ஆகாதா? ஆகும், இதே கூலியில் நூற்கச் சொன்னால். படித்து ஆசிரியையாகவோ செவிலியாகவோ போகிறவரை ராட்டைக்குத் திரும்பச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ராட்டையை விட்டவர்கள் எல்லோரும் அப்படி மேலே போய்விடவில்லை. வேலை பிடிக்காமல் போவது ஒன்று, வேலைக்குக் கூலி இல்லாமல் போவது வேறொன்று. வீட்டை விட்டு வெளியே போக முடியாத காலங்களில் - காஷ்மீரில் அப்படிப்பட்ட காலங்கள் குறைவில்லை - கைக்குக் காசு தந்த ஒரே தொழிலாக ராட்டை இருந்த குடும்பங்கள் ஏராளம். விசைத்தறியில் வேலை செய்கிறவர்களும் காஷ்மீரிகள்தானே, அவர்கள் பிழைப்பு என்ன ஆவது என்பது அடுத்த கேள்வி. அவர்கள் நெய்வதும் பஷ்ம் துணிதான், விற்கட்டும். இயந்திர நூல், இயந்திர நெசவு என்று அட்டையில் எழுதி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும். கையால் நூற்றதன் விலையையும் பெயரையும் அது எடுத்துக்கொள்வதுதான் தகராறு.

சாங்பா இடையரை மறந்துவிட்டீர்களே என்பார்கள். மறக்கவில்லை. 2013 குளிர்காலத்தில் அளவு மீறிய பனி மேய்ச்சலை மூடி ஏராளமான ஆடுகளைக் கொன்றது. சீன எல்லையில் பதற்றம் கூடக் கூட மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. கர்னாக் குடும்பங்களில் பல லேயின் விளிம்பில் குடியேறிவிட்டன. சாங்பா இல்லாமல் போனால் லடாக் பஷ்ம் இல்லை. ஆனால் இடையரிடம் ஒரு பிடி இருக்கிறது: அவர் பொருளை வாங்க உலகத்தில் வேறு ஆள் உண்டு. கூட்டுறவு சங்கம் இருக்கிறது, ஆண்டுதோறும் விலை பேசுகிறார்கள். நூற்பவருக்கு அந்தப் பிடி இல்லை, சால்வைக்கோ அவருக்கு மாற்று இல்லை. சுமாரான இழையும் நல்ல விரலும் சேர்ந்தால் சுமாரான சால்வையாவது வரும். மிக உயர்ந்த இழையும் ஆலைக் கதிரும் சேர்ந்தால் வருவது வேறு துணி.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் விலை. நூற்புக் கூலியை இரட்டிப்பாக்கினால் சால்வை விலை ஏறும், வாங்குகிறவர் போலிக்குப் போய்விடுவார் என்கிறார்கள். இந்த வாதத்துக்கு வயது தொண்ணூறு. 1935-ல் நூற்பவருக்கு வாழத் தகுந்த குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று காந்தி அகில இந்திய சர்க்கா சங்கத்தை நெருக்கியபோது, கதர் விற்காது, இயக்கமே படுத்துவிடும் என்று பயந்தவர்கள் அவருடைய ஆட்களே. எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டு அணா கேட்டவர், மூன்று அணாவுக்குச் சம்மதித்துத் தொடங்கினார். கதர் விலை ஏறியது, கதர் அழியவில்லை. அதுவும் அன்று கதரை வாங்கியவர்களில் ஏழைகளும் இருந்தார்கள். பஷ்மினா வாங்குகிறவர் அந்த வகை இல்லை. நிறைய சோஸ்னி ஊசி வேலை செய்த சால்வைக்கு லட்சம் ரூபாய்க்கு மேலும் எண்ணி வைக்கிறவருக்கு, நூற்பில் ஏறும் தொகை சுமையாகத் தெரியும் என்று வாதிடுகிறவர்கள், நடுவில் இருக்கும் தரகர்களின் பங்கைக் கணக்கில் காட்டுவதில்லை. இன்றைய முத்திரை இழையின் மைக்ரானைச் சொல்கிறது, நூற்பையும் நெசவையும் சொல்கிறது. நூற்றவர் முடிச்சுக்கு எவ்வளவு வாங்கினார் என்பதை அதே முத்திரையில் பதிப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். முத்திரை கொடுக்குமுன் அந்தக் கூலிச் சீட்டைக் கேட்டு வாங்கும் விதி ஒன்று வேண்டும். வணிகர்கள் முதலில் எதிர்ப்பார்கள்.